கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ?

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். தம்பி இரண்டாம் தரமும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதினான், நினைத்த பெறுபேறு வரவில்லை. ஒன்றரை மாதமாக அறையை விட்டு வெளியே வருவதே குறைவு. போன கிழமை, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவாவது மிச்சம்" என்றான். "அதைப் பற்றிக் கதைக்காதே, கதைத்தால் இல்லாத எண்ணமும் வந்துவிடும்" என்கிறார் அம்மா. கேட்பதா, விடுவதா?

பதில்: கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

அம்மாவின் பயம் பொதுவானது. உளவளத்துணைக்கு வரும் பெற்றோரில் அனேகம் பேர் இதையேதான் சொல்வார்கள். ஆனால் கேட்டதால் ஒருவருக்குப் புதிதாகத் தற்கொலை எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மனதுக்குள் அடக்கி வைத்திருப்பவருக்கு, யாராவது கேட்டதே பெரிய ஆறுதலாகிவிடுவதுண்டு. உங்கள் தம்பி ஏற்கெனவே பாதியைச் சொல்லிவிட்டான். அது யாருடைய காதிலாவது விழுந்ததா என்று தெரியாமல் இருக்கிறான்.

எதிரே உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். இந்த வயதுப் பையன்கள் முகத்தைப் பார்த்தபடி மனம் திறப்பது கடினம். குசினியில் ஒரு கோப்பை போஞ்சியை அவன் பக்கம் தள்ளி, நார் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பேர் கண்ணும் போஞ்சியில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். முதலில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "ராவில ரெண்டு மணிக்கும் உன்ட அறையில லைட் எரியுது. போன கிழமை நீ சொன்னது எனக்கு மறக்கேல்ல." அப்புறம் நேராக: "சாக வேணும் எண்ட யோசனை வருதாடா?"

"அப்படியெல்லாம் நீ யோசிக்கேல்லத்தானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் 'தானே'யிலேயே நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இருக்கிறது. அவனும் உங்களுக்காக "இல்லை" என்று சொல்லிவிடுவான்.

"ஓம்" என்றால்? "என்னட்டச் சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அம்மாவ நினைச்சுப் பார்", "உனக்கு இங்க என்ன குறை", "பக்கத்து வீட்டுப் பெடியன்..." இவை எல்லாம் அன்பில் வருபவைதான். ஆனால் ஏற்கெனவே தன்னை வீட்டுக்குச் சுமை என்று நினைப்பவனுக்கு இன்னொரு குற்ற உணர்வைத்தான் கொடுக்கும். மூன்றாம் தரம் எழுதுவதா, வேறு கோர்ஸா என்பதும் இன்றைய கதை இல்லை.

எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அது அவசரம். அவனைத் தனியே விடாதீர்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அம்மாவின் பிரஷர் குளிசை உட்பட வீட்டில் ஆபத்தாகக் கூடியவற்றைப் பூட்டி வையுங்கள், அல்லது உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இது சின்ன வேலையாகத் தெரியலாம், ஆனால் உயிர் காப்பது. அந்த உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்கும் குறுகியது, அதைக் கடந்துவிட்டால் மனம் மாறுகிறது. நம் நாடே இதற்குச் சாட்சி. 1995 அளவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்யச் செய்ய, அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

உங்களுக்குக் கிட்டவே களுபோவில ஆஸ்பத்திரி இருக்கிறது, உளமருத்துவப் பிரிவும் உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கும் போகலாம். கையை மீறிப் போகிறது என்றால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை.

இன்னொரு சொல்லும் பலரைத் தடுக்கிறது: அங்கொடை. கொழும்பில் அந்த ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம், அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. தேசிய மனநல நிறுவனம் இருப்பது அங்கேதான். அதன் 1926 இலக்கத்தை இரவோ பகலோ எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1333 இன்னொரு இலவச உளவளத்துணை இலக்கம். மனம் விட்டுப் பேச வருபவர்களுக்குக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான, 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் கொழும்பு 7இல், ஹோர்ட்டன் பிளேஸில் இருக்கிறது. அங்கே சொல்வது வெளியே போகாது.

அன்றாட விஷயங்களில் நான் முதலில் பிடிப்பது நித்திரையை. "நல்லதையே நினை" என்பதை விட, தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது எவ்வளவோ பலன் தரும். இரவில் எல்லோருடைய போனும் ஹோலில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான். பெறுபேறு பற்றியே பேசும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கொஞ்ச நாள் விலகட்டும். இரவுச் சாப்பாட்டை மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள், பாணும் பருப்பும் என்றாலும் சரி. அந்த மேசையில் படிப்புக் கதை வேண்டாம். காலையில் கடைக்குப் போய்வருவது போல ஒரு பொறுப்பை அவனிடம் விடுங்கள். வெயில் படும், நாலு பேரின் முகம் பார்ப்பான்.

இவை மருந்துக்குப் பதில் இல்லை. நித்திரையும் பசியும் குறைந்து, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமை கடந்தாலே வைத்தியரைப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பி அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டான். மருந்து தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும். இடையில் "ஒரு மாற்றமும் இல்லை" என்று தாங்களாகவே நிறுத்த வேண்டாம்.

முதல் நாள் அவன் "ஒண்டுமில்ல, விடுங்க அக்கா" என்று எழும்பிப் போகலாம். போகட்டும். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். கேட்கும் முன் உங்களுக்கே தொண்டை அடைத்தால் நீங்கள் 1926க்கு அழைக்கலாம். தம்பியிடம் எப்படித் தொடங்குவது என்பதை அவர்களிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.