பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, காதல் இன்னும் தூக்கலா இருக்குற சரித்திர நாவல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி கேட்டவங்க சொல்றது இதுதான்: அஞ்சு பாகமும் முடிச்சுட்டேன், போர், சதி எல்லாம் ஓகே, ஆனா என்னை உள்ள இழுத்தது காதல் பகுதிதான், அந்த மாதிரி வேற என்ன இருக்கு, எப்படித் தேடுறது, அப்புறம் ஃப்ரெண்ட்ஸுக்கு எதைச் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஏன்னா நெட்ல தேடினா எல்லா லிஸ்ட்லயும் அதே பத்து புக்குதான் வரும், எதுக்காக அதைப் படிக்கணும்னு ஒரு வரி இருக்காது.

நான் முதல்ல திருப்பி ஒண்ணு கேப்பேன். பொன்னியின் செல்வன்ல இருக்குறது ஒரு காதல் இல்லையே, அரை டஜன் இருக்கு. வந்தியத்தேவன் குந்தவை ஒரு ரகம், ரெண்டு பேரும் பேச்சுலயே விளையாடிக்குவாங்க. வானதி இன்னொரு ரகம். மணிமேகலைக்கு ஒருதலைக் காதல், பாவம் அந்தப் பொண்ணு. நந்தினி ஆதித்த கரிகாலன் பத்தி சொல்லவே வேணாம், அந்தக் காதல்தான் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்க்குது. இதுல எந்த ஜோடி வர்ற அத்தியாயத்துக்காக நீங்க பக்கத்தைத் தள்ளித் தள்ளி ஓடினீங்களோ, அதை வச்சுத்தான் அடுத்த புக்கை எடுக்கணும். "சோழர் காலக் கதை"ன்னு தேடினா கோட்டை கொத்தளம்தான் கிடைக்கும், காதல் கிடைக்கும்னு கேரண்டி இல்ல.

நந்தினி கரிகாலன் கட்சின்னா யோசிக்கவே வேணாம், சிவகாமியின் சபதம். என்னைக் கேட்டா கல்கி எழுதினதுலயே காதலை நடுவுல வச்சு எழுதின நாவல் இதுதான், பொன்னியின் செல்வன்ல அரசியல் போற வழியில காதல் வரும், இதுல காதல் போற வழியிலதான் போரே வருது. ஆயனச் சிற்பியோட பொண்ணு சிவகாமி, நாட்டியக்காரி, பல்லவ இளவரசன் நரசிம்மவர்மன் மேல உயிரா இருக்கா, ஆனா அவளுக்குத் தன்மானம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது அந்தக் காதலைவிட ஒரு பிடி பெருசு. அதான் கதை. அவ எதிரி சாளுக்கியரோட தலைநகர் வாதாபியில உக்காந்து ஒரு சபதம் போடுறா, அதுக்கப்புறம் வருஷக்கணக்குல ரெண்டு ராஜ்யம் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடக்கு. நாலாம் பாகத்துக்குப் பேரே சிதைந்த கனவு, அதனால முடிவு எப்படின்னு நான் ஸ்பாய்லர் சொன்னதா ஆகாது.

குந்தவை வந்தியத்தேவன் ரகம் பிடிச்சவங்களுக்கு விக்கிரமனோட நந்திபுரத்து நாயகி இருக்கு, பொன்னியின் செல்வன் விட்ட இடத்துல இருந்து அதே ஆட்களை வச்சு எழுதினது. கல்கியோட நடை அதே மாதிரி வரும்னு எதிர்பார்க்காதீங்க, அந்தக் குறும்பு கம்மிதான், ஆனா அந்த ரெண்டு பேரையும் விட்டுப் பிரிய மனசு வராதவங்களுக்கு அது போதும்.

அடுத்து சாண்டில்யன். இவரைப் பத்தி ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன், ஏன்னா "காதல் தூக்கலா"ன்னு கேட்டா எல்லாரும் கை காட்டுறது இவரைத்தான், சரியாத்தான் காட்டுறாங்க. கடல் புறா மூணு பாகம், கலிங்கத்துல பாலூர்ப் பெருந்துறையில ஆரம்பிச்சு கடாரம் பக்கம் வரைக்கும் போகும், ஹீரோ கருணாகர தொண்டைமான், கலிங்கத்துப்பரணியில வர்ற அதே ஆளுதான். ஒரு பக்கம் காஞ்சனா தேவி, இன்னொரு பக்கம் மஞ்சளழகி. யவன ராணியில சங்க காலத்துக் கரிகால் சோழன் காலம், ஹீரோ இளஞ்செழியன், அங்கேயும் பூவழகி ஒருத்தி, ராணி ஒருத்தி. கவனிச்சீங்களா, ரெண்டு ஹீரோயின் இவருக்கு கிட்டத்தட்ட சட்டம் மாதிரி. ரெண்டு பேருல யாரை நீங்க ஆதரிச்சாலும் இன்னொருத்திக்காக மனசு கஷ்டப்படும், அங்கதான் அவரோட சாமர்த்தியம். குறைன்னு பார்த்தா பெண்களை வர்ணிக்க ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார், போர்க்களத்துல அம்பு பறந்துகிட்டு இருக்கும்போதுகூட ஹீரோயின் இடுப்பு வளைவுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார், இன்னைக்குப் படிக்கிற பல பேருக்கு அது எரிச்சலா இருக்கும், எனக்கும் சில இடத்துல இருக்கு, நான் அந்தப் பத்தியைத் தாண்டிட்டுப் போயிடுவேன், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இன்னொண்ணு, இதெல்லாம் பத்திரிகையில வாராவாரம் வந்த தொடர், அதனால ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அதிர்ச்சியில நிக்கும், அடுத்த அத்தியாயம் முதல் ரெண்டு பக்கம் போன வாரக் கதையை நினைவுபடுத்தும். ஒரே மூச்சா படிக்காம தினம் ரெண்டு மூணு அத்தியாயம்னு படிச்சா அலுக்காது. மூணு பாகம்னா பயமா இருக்குன்னா மலைவாசல்ல ஆரம்பிங்க, ஹூணர் படையெடுப்பு காலம், ஒரே புக்கு.

ரெண்டு பெண்களுக்கு நடுவுல ஒருத்தன்ங்கற அதே விஷயத்தை நிதானமா, கண்ணியமா படிக்கணும்னா அகிலனோட வேங்கையின் மைந்தன். ராஜேந்திர சோழன் காலம். கொடும்பாளூர் இளங்கோ, சோழ இளவரசி அருள்மொழி, இலங்கை இளவரசி ரோகிணி. ரோகிணி நிலைமைதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அப்பாவோட நாட்டை அழிக்க வந்த படையில ஒருத்தன் மேலயே மனசு போகுது, விசுவாசம் ஒரு பக்கம் காதல் ஒரு பக்கம்னு அவ கிழிபடறதை அகிலன் அவசரப்படாம எழுதியிருப்பார். 1963ல சாகித்ய அகாதமி வாங்கின நாவல், அந்தப் பேரைக் கேட்டு பாடப்புத்தகம் மாதிரி இருக்குமோன்னு ஒதுக்கிடாதீங்க.

நா. பார்த்தசாரதியோட மணிபல்லவம் கொஞ்சம் வேற மாதிரி. பூம்புகார், பெரிய செல்வர் வீட்டுப் பொண்ணு சுரமஞ்சரி, அறிவைத் தேடி அலையுற இளங்குமரன். இவன் தத்துவம் பேசுவான், அவ இவனையே பார்த்துகிட்டு இருப்பா. பொன்னியின் செல்வன் மணிமேகலைக்காக அழுதவங்களுக்கு இது செட் ஆகும். பொறுமை இல்லாதவங்க பக்கத்துலயே போக வேணாம்.

லிஸ்ட்ல அதிகமா வராத ஒண்ணு சொல்லணும்னா அரு. ராமநாதனோட வீரபாண்டியன் மனைவி. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சோழ பாண்டியச் சண்டை. அவர் நடத்தின பத்திரிகைக்குப் பேரே காதல், அப்போ பார்த்துக்கோங்க. ஆனா இதுல ஆச்சரியம் என்னன்னா காதலைவிட நாக்குதான் கூர்மை, ஜனநாத கச்சிராயன்னு ஒரு ஆளு வருவான், அவன் வாயைத் திறந்தா நீங்க அதுவரைக்கும் நல்லவன்னு நினைச்சவனெல்லாம் கேள்விக்குறி ஆயிடுவான். ராஜா நல்லவன், எதிரி கெட்டவன்ங்கற கணக்கே இதுல எடுபடாது.

இப்போ தேடுற வழி. நான் பண்றது ரொம்ப சிம்பிள், ஒரு ராஜாவைப் பிடிச்சுக்குவேன். ராஜேந்திர சோழன்னு எடுத்தா அகிலனுக்கு வேங்கையின் மைந்தன், சாண்டில்யனுக்கு மன்னன் மகள், பாலகுமாரனுக்கு கங்கை கொண்ட சோழன். ஒரே ராஜா, மூணு பேரும் மூணு விதமா மனசைத் திறக்குறாங்க, அதைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எந்த எழுத்தாளர் நமக்கு ஒத்து வருவார்னு தானா தெரிஞ்சுடும். முன்னுரையைத் தாண்டாதீங்க, எந்தக் கல்வெட்டு, எந்தப் பழைய பாட்டுல இருந்து கதையை எடுத்தேன்னு பல பேர் அங்கேயே சொல்லியிருப்பாங்க, அதுல வர்ற ராஜா பேரைத் தேடினா அடுத்த புக்கு மாட்டும். கல்கி எழுத்து 1999ல நாட்டுடைமை ஆனதால மதுரைத் திட்டம் சைட்லயே இலவசமா இருக்கு, நாலு அத்தியாயம் படிச்சுப் பார்த்துட்டு அப்புறம் வாங்கலாம். அப்புறம் ரிவ்யூ பார்க்கும்போது திட்டுற ரிவ்யூவைப் படிங்க. "கதையே நகரல, ரெண்டு பேரும் நந்தவனத்துல நின்னு பேசிகிட்டே இருக்காங்க"ன்னு ஒருத்தர் கோபமா எழுதியிருந்தா அது அவருக்குக் குறை, நமக்கு அதான் வேணும். புகழுற ரிவ்யூ எல்லாம் "விறுவிறுப்பு"ன்னு முடிஞ்சுடும், ஒண்ணும் தெரியாது.

பிரதிலிபி மாதிரி ஆப்ல புதுசா நிறைய பேர் எழுதுறாங்க. சிலது நிஜமாவே நல்லா இருக்கு, சிலதுல கிரீடத்தைக் கழட்டிட்டா ராஜா நம்ம ஆபீஸ் மேனேஜர்தான். முதல் மூணு அத்தியாயத்துல தெரிஞ்சுடும்.

இங்கிலீஷ்ல படிப்பீங்கன்னா ஒரு விஷயம் தெரிஞ்சு போங்க, அங்க ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்னு லேபிள் ஒட்டி விக்கிற புக்குல கடைசியில ஜோடி சேர்ந்தே ஆகணும், அது வாசகருக்குக் குடுக்குற வாக்கு. நம்ம பக்கம் அந்த வாக்கு கிடையாது, நாட்டுக்காகக் காதலைத் தியாகம் பண்ணிட்டு குதிரை ஏறிப் போயிடுவாங்க. ஜார்ஜெட் ஹேயர்ல ஆரம்பிக்கலாம், 1921ல முதல் நாவல், 1811ல இருந்து 1820 வரைக்குமான இங்கிலாந்து ரீஜென்சி காலத்தை வச்சு அவங்க எழுதினதுதான் பின்னாடி வந்த பல பேருக்கு அச்சு, கட்டில் காட்சி இருக்காது, பேச்சுலயே எல்லாம் நடக்கும், குந்தவை ரசிகர்களுக்கு பக்கா. ஜூலியா க்வின்னோட பிரிட்ஜர்டன் வரிசை அதே காலம், ஆனா நெருக்கம் வெளிப்படையா இருக்கும். டயானா கேபல்டனோட அவுட்லேண்டர்ல 1945ல இருந்து ஒரு நர்ஸ் 1743 ஸ்காட்லாந்துக்குப் போய் விழறா, காதல் செம, ஆனா வன்முறையும் பாலியல் கொடுமையும் ரொம்பவே இருக்கு, அதைச் சொல்லாம யாருக்கும் கையில குடுக்காதீங்க.

மத்தவங்களுக்குச் சொல்றதுக்கும் அதான் ரூல். "பொன்னியின் செல்வன் மாதிரியே இருக்கும்"னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க, எந்த புக்கும் அந்த எதிர்பார்ப்புல தோத்துடும். சோகமா முடிஞ்சா பரவாயில்லையா, ரெண்டு ஹீரோயின் இருந்தா கடுப்பாகுமா, மூணு பாகம் தாங்குமா, இதைக் கேட்டுட்டு ஒரே ஒரு புக்கு பேரைச் சொல்லுங்க. பத்து பேரைச் சொன்னா ஒண்ணைக்கூடப் படிக்க மாட்டாங்க.

உங்களுக்கு நான் சொல்ற ஒண்ணு சிவகாமியின் சபதம்தான். முடிச்ச உடனே மனசு கனத்துப் போய் கொஞ்ச நாள் எதுவும் படிக்கத் தோணாது, அப்போ பார்த்திபன் கனவை எடுங்க. கல்கி அதை முன்னாடியே 1941ல தொடங்கி எழுதிட்டார், ஆனா கதைக் காலம் சிவகாமிக்கு அப்புறம், நரசிம்மவர்மனோட பொண்ணு குந்தவிக்கும் பார்த்திபனோட மகன் விக்கிரமனுக்கும் நடுவுல நடக்குற காதல். சின்ன நாவல்தான், வேகமா ஓடும், இதுல அழ வேண்டியது இல்ல.