வாசகர் கேள்விகள்: நிறைமாத வயிறும் ஸ்டியரிங்கும்

கேள்வி: ஏழாம் மாதம் நடக்கிறது. சீட் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது. கழற்றிவிட்டு ஓட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. பெல்ட் இல்லாமல் மோதினால் முதலில் இடிபடுவது வயிறுதான், அதுவும் ஸ்டியரிங் வளையத்தின் கீழ் விளிம்பில். அழுத்தம் வருகிறது என்றால் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள்.

மோதலின் விசையை இடுப்பெலும்பு தாங்கும், வயிறு தாங்காது. கருப்பை தசையால் ஆனது, இழுத்தால் நெகிழும். உள்ளே ஒட்டியிருந்து குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கு (பிளசென்டா) அந்த நெகிழ்வு இல்லை. பட்டை வயிற்றின் குறுக்கே இறுகும்போது கருப்பைச் சுவர் வளைந்துகொடுக்க, நஞ்சு அதிலிருந்து பிய்ந்துவிடும். தாய்க்கு ஒரு கீறல்கூட இல்லாமல் குழந்தையை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

எனவே பெல்ட்டை மாட்டியதும் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் தள்ளி, தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வையுங்கள். பிறகு தோள் வழியே வரும் பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுங்கள். அது மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். கழுத்தை உரசினால் கதவுத் தூணில் இருக்கும் உயரம் மாற்றும் பிடியை ஒரு படி இறக்குங்கள். ஓட்டும்போது கீழ்ப்பட்டை மெல்ல மேலேறும், அதனால் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: ஏர்பேக் குழந்தையைத் தாக்காதா? அதை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அணைப்பதைவிட விலகி உட்காருவதுதான் வழி. மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும். டேப் வைத்தே அளந்துவிடுங்கள், கண்மதிப்பு ஏமாற்றும். முதலில், பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையைப் பின்னால் தள்ளுங்கள். அடுத்து ஸ்டியரிங்கை வயிற்றைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி சாயுங்கள். உள்ளே தள்ளும் வசதி இருந்தால் தள்ளுங்கள். இருக்கையின் முதுகைக் கொஞ்சம் சாய்க்கலாம், ஆனால் படுப்பதுபோல் சாய்த்தால் மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுகி, பட்டை வயிற்றில் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் 25 செ.மீ. கிடைக்காவிட்டால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். குட்டையானவர்களுக்கு இந்த நிலை சீக்கிரமே வரும். பக்கத்து இருக்கைக்கு மாறி, அதை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் கார் செய்பவர்கள் அல்லவா யோசிக்க வேண்டும்?

பதில்: நியாயமான கோபம். தோளையும் மடியையும் சேர்த்துக் கட்டும் இன்றைய மூன்று முனை பெல்ட்டை வோல்வோ கார் நிறுவனத்தின் நீல்ஸ் போலின் கொண்டுவந்தது 1959இல். மோதல் சோதனைகளில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது ஏறக்குறைய 78 கிலோ எடையுள்ள ஆண் பொம்மை. அதே நிறுவனம் 2002இல் 36 வாரக் கர்ப்பிணியின் கணினி மாதிரியை உருவாக்கி, 'லிண்டா' என்று பெயரிட்டது. சுமார் 30 வாரக் கர்ப்பம் கொண்ட சிறு உருவப் பெண் பொம்மையும் ஆய்வுக்கூடங்களுக்கு வந்துவிட்டது. ஆனாலும் கட்டாயச் சோதனைகளில் கர்ப்பிணி பொம்மைக்கு இன்னும் இடமில்லை. விதி கேட்காததைத் தொழிற்சாலை தானாகச் செய்வது அபூர்வம்.

பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஸ்டியரிங் நீளவாக்கிலும் நகர வேண்டும். பெடல்கள் ஓட்டுநரை நோக்கி வர வேண்டும். வந்தால் குட்டையானவர் முன்னே நகர வேண்டியதே இல்லை. கீழ்ப்பட்டை கட்டப்படும் இடம், வயிறு பெரிதானாலும் பட்டை இடுப்பெலும்பிலேயே நிற்கும்படி அமைய வேண்டும். பந்தயக் கார் மாதிரி நான்கு முனை பெல்ட் கேட்பவர்கள் உண்டு. அதன் பூட்டு நடு வயிற்றில் வந்து உட்காருமே!

கேள்வி: கீழ்ப்பட்டையைத் தொடைகளுக்கு நடுவே இழுத்துப் பிடிக்கும் கொக்கி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் காரின் பெல்ட் அந்தக் கொக்கியோடு சோதிக்கப்பட்டதல்ல. மோதலில் கொக்கி விட்டுவிட்டால் பெல்ட்டில் அவ்வளவும் தொய்வு. சரியாகப் போட்ட பெல்ட்டே போதும்.

கேள்வி: பின்னால் ஒரு கார் லேசாகத் தட்டியது. வலி இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: அன்றே பாருங்கள். நஞ்சு பிரிவது உடனே வலி காட்டாமலும் இருக்கலாம். கர்ப்பத்தின் பிற்பாதி என்றால் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பது வழக்கம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைச் சொல்ல மறக்காதீர்கள், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கும். ரத்தக்கசிவு, வயிறு கல்லாக இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள், வேறொருவர் ஓட்டட்டும்.