'ஆனால்' என்று சொன்னால் போதுமா? ரஷ்ய இணைப்புச் சொற்கள்: வாசகர் கேள்விகள்

'அ', 'நோ' இரண்டுக்குமே அகராதியில் 'ஆனால்' என்றுதான் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

அகராதியை மூடிவிட்டு நம்முடைய 'ஓ'வை நினைத்துக்கொள்ளுங்கள். 'நான் டீ குடிக்கிறேன், அவனோ காபி குடிக்கிறான்.' இதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். ரஷ்யனில் இதற்கு 'அ': 'யா பியூ சாய், அ ஓன் பியோத் கோஃபே.' பெயரைச் சொல்லிவிட்டு 'அ வாஸ்?' என்று திருப்பிக் கேட்பதும் இதே 'அ'தான். 'உங்க பேரு?' என்பது மாதிரி. அங்கே 'நோ' வராது.

எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தால்தான் 'நோ'. 'மழை பெய்கிறது, ஆனாலும் உலாவுகிறோம்': 'இத்யோத் தோஷ்த், நோ மி குலாயெம்.'

'ஷ்தோ' என்றால் 'என்ன'வா, 'என்று'வா?

இரண்டும்தான். 'யா ஸ்னாயு, ஷ்தோ ஓன் சிதாயெத்' என்ற வாக்கியத்தைச் சத்தமாகப் படியுங்கள். 'ஷ்தோ'வை அழுத்தினால் 'அவன் என்ன படிக்கிறான் என்று எனக்குத் தெரியும்'. அழுத்தாமல் ஓட்டிவிட்டால் 'அவன் படிக்கிறான் என்று தெரியும்'. எழுத்தில் இரண்டும் ஒன்றே, கமா உட்பட. எனக்கு ரஷ்யனில் மிகவும் பிடித்த இடம் இது.

'நீ வர வேண்டும்' என்பதற்கு ஏன் இறந்த காலம்?

'யா ஹச்சூ, ஷ்தோபி தி பிரிஷோல்' என்பதைத்தானே கேட்கிறீர்கள்? 'ஷ்தோபி'க்குள் 'பி' என்ற சின்னச் சொல் ஒட்டியிருக்கிறது; நடக்காததை, விரும்புவதைக் காட்டுவது அது. 'பி' வந்தால் வினை, இறந்த காலத்துக்கும் பயன்படும் 'ல்' வடிவத்துக்குப் போய்விடும். அந்த வடிவம் ஒரு காலத்தில் பெயரடை போல இயங்கியது. அதனால்தான் இன்றும் ஆணுக்கு 'பிரிஷோல்', பெண்ணுக்கு 'பிரிஷ்லா' என்று பால் பார்க்கிறது. நான், நீ, அவன் என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே இதை நடந்து முடிந்ததாக எண்ண வேண்டாம். அப்புறம், இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால் 'ஷ்தோபி' தேவையே இல்லை: 'யா ஹச்சூ பிரீத்தி', நான் வர விரும்புகிறேன்.

'பதமூ ஷ்தா'வை ('ஏனென்றால்') வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கலாமா?

எழுத்து ரஷ்யனில் வேண்டாம். அது முதன்மை வாக்கியத்துக்குப் பின்னால் வருவது. 'மழை பெய்ததால்' என்று காரணத்தை முன்னால் சொல்வதுதான் நமக்குப் பழக்கம். அப்படித் தொடங்க 'தாக் காக்' இருக்கிறது.