பலகை செய்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள்: கேள்வி பதில்

பினாங்கில் 1988லிருந்து பெயர்ப்பலகைத் தொழிலில் இருக்கிறேன். தூரிகை கழுவும் பையனாக நான் சேர்ந்த இடம் இன்று பிறையில் ஒரு தொழிற்சாலை. தயாரிப்புப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, உங்கள் நிறுவனம் எப்படித் தொடங்கியது? முதல் போட்டது யார்? (பட்டர்வொர்த்)

முதல் என்று சொல்ல நான்கு டின் எனாமல் சாயமும் ஒரு மேசையும்தான். எங்கள் மாஸ்டர் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் துணியில் எழுதி எழுதிக் கை பழகியவர். ஜார்ஜ்டவுனுக்கு வந்து லெபோ பாசார் பக்கம் ஒரு துணிக்கடையின் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரையுள்ள நடைபாதையில், மேசை போட்டார். கடைப் பலகை எப்போதாவது வரும். அன்றாடச் சோறு போட்டது லோரிக் கதவுகள்தான். சரக்கோடு எவ்வளவு எடை, சரக்கில்லாமல் எவ்வளவு எடை, உரிமையாளர் பெயர் என்ன என்று கதவில் எழுதியாக வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து லோரி வரும். நான் எண்களை எழுதக் கற்றது அந்தக் கதவுகளில்தான்.

பிறகு ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்தோம். வினைல் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் அங்கேதான் வந்தது. மாஸ்டர் ஒரு நாள் முழுக்க எழுதுவதை அது பத்து நிமிடத்தில் வெட்டிப் போட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. எங்களோடு எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களை மாஸ்டர் கணினி முன்னால் உட்காரவைத்தார். "கை எழுதின கண்ணுக்குத்தான் இடைவெளி தெரியும், மெஷினுக்குத் தெரியாது" என்றார். நாங்கள் வளர்ந்ததற்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். இயந்திரம் வாங்கிய கடைகள் எத்தனையோ இருந்தன. எழுதத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்ட கடைகள் குறைவு.

எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? யார் யார்? (நிபோங் திபால்)

முப்பத்தைந்து பேருக்குக் கொஞ்சம் மேலே. வடிவமைப்பு, வெட்டு, வெல்டிங், சாயம், மின் இணைப்பு, பொருத்துதல் என்று பிரிவுகள். வெல்டிங் மேற்பார்வையாளர் ஒரு சீன அங்கிள், பட்டறைக்கு என்னைவிட மூத்தவர். சாயத்தில் இரண்டு மலாய்த் தம்பிகள். பொருத்தும் குழுவில் நம் பிள்ளைகளும் வங்காளதேசத்துக்காரர்களும். இதில் ஆபத்தான வேலை பொருத்துவதுதான். மூன்றாவது மாடி உயரத்தில், ஸ்கைலிஃப்ட்டில் நின்று, எண்பது கிலோ பெட்டியைச் சுவரில் பிடித்துத் துளை போட வேண்டும். மழை மேகம் தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர் கோபித்தாலும் பரவாயில்லை.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பட்டறையைப் பூட்டினோம். கடைகளே மூடியிருக்கும்போது பலகை யாருக்கு வேண்டும்? திறக்க அனுமதி கிடைத்ததும் கையிருப்பில் இருந்த அக்ரிலிக்கைக் கல்லா முன்னால் வைக்கும் தடுப்புகளாக வெட்டினோம். தரையில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக ஒட்டும் ஸ்டிக்கர்களை அச்சடித்தோம். அதை வைத்துத்தான் ஒருவரையும் அனுப்பாமல் சம்பளம் கொடுத்தோம்.

தமிழ்ப் பலகைகளில் ஏன் எழுத்து உடைந்து கிடக்கிறது? கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பார்க்கவே வயிறு எரிகிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

எனக்கும் எரிகிறது அம்மா. விளக்கமாகவே சொல்கிறேன்.

'கொ' என்று தட்டினால் கணினி முதலில் 'க'வைச் சேமிக்கிறது, அதன் பிறகு உயிர்க்குறியை. காட்டும்போது கொம்பை 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். அந்த வேலை தெரியாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். பலகை வடிவமைக்கும் மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இன்றும் இப்படித்தான் ஆகும். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு அது அழகான கோலம் மாதிரிதான் இருக்கும். அப்படியே வெட்டிப் பொருத்திவிடுகிறார்கள்.

எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு முந்திய காலத்தில் தொல்லை வேறு மாதிரி. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு. நாங்கள் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டுவோம். வாடிக்கையாளர் வேறு எழுத்துருவில் கோப்பைக் கொண்டுவந்தால் திரையில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும்.

எங்களிடமும் ஒரு முறை தவறு நடந்தது. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு 'சைவ உணவகம்' என்பதில் ஐகாரக் குறி 'ச'வுக்குப் பின்னால் போய்விட்டது. நான் விடுப்பில் இருந்தேன், சரிபார்க்க ஆள் இல்லை. ஏற்றி முடித்த பிறகு கடைக்கார அக்கா கூப்பிட்டு, "தமிழ்க்காரங்க கம்பெனின்னுதானே குடுத்தேன்" என்றார். எங்கள் செலவில் இறக்கிப் புதிதாகச் செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து தமிழ் வரும் எந்த வரைபடமும் தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் கையெழுத்துப் போடாமல் வெட்டுக்குப் போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெயரைக் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் திருப்பி அனுப்பும் வரைபடத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.

விளக்கெரியும் தமிழ் எழுத்து ஏன் ஆங்கிலத்தைவிட விலை அதிகம்? (ஆயர் ஈத்தாம்)

ஆங்கில 'எல்' என்றால் இரண்டு கோடு. நம் 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே சுழிகள். தகரத்தை வளைத்துப் பக்கச்சுவர் கட்டும்போது அந்தச் சுழிக்குள் கை போகாது, எல்இடி வைக்க இடமும் இருக்காது. அடுத்தது புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் தனிப் பெட்டி, தனி எல்இடி, தனிக் கம்பி, சுவரில் தனித் துளை. 'மீனாட்சி அம்மன்' என்று வந்தால் 'ட்', 'ம்', 'ன்' என்று மூன்று புள்ளி. வேலை கூடும்போது கூலியும் கூடுகிறது. புள்ளியை விட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு. அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

நியான் இப்போதும் செய்கிறீர்களா? (தஞ்சோங் பூங்கா)

இல்லை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் வளைப்பவர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். 1910இல் பாரிஸில் ஜார்ஜ் கிளாட் காட்டிய அதே முறைதான்: காற்றை உறிஞ்சிவிட்டு நியான் வாயுவை அடைத்தால் செம்மஞ்சள், ஆர்கானோடு கொஞ்சம் பாதரசம் சேர்த்தால் நீலம். ஆனால் அதற்குச் சில ஆயிரம் வோல்ட் வேண்டும். எல்இடிக்கு 12 வோல்ட் போதும். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்திலேயே எல்இடி தயாராகிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. இன்று நியான் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிகோன் குழாய்க்குள் எல்இடி.

தமிழில் மட்டும் பலகை வைக்கலாமா? (ஜாலான் மஸ்ஜிட் இந்தியா)

முடியாது தம்பி. பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். மலாய் இருக்க வேண்டும், அதுவே எடுப்பாக இருக்க வேண்டும். தமிழை உடன் சேர்க்கலாம். மலாய் வாசகத்துக்கு, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பும் தேவைப்படும். செய்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

அப்பா காலத்துக் கடைப் பலகை ஒன்று இருக்கிறது. தேதி இல்லை. எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஜார்ஜ்டவுன்)

'லை', 'னை' போன்ற எழுத்துகளைப் பாருங்கள். யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து இருந்தால் அது பழைய வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, இங்கே அதன் பிறகுதான் பரவியது. ஆனால் மூத்த ஓவியர்கள் அதற்குப் பின்னும் பழைய கையை விடவில்லை, அதனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். தயவுசெய்து அதன் மேல் புதுச் சாயம் பூச வேண்டாம். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

அச்சடித்த பலகை இரண்டே வருடத்தில் நீலமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (புக்கிட் மெர்த்தாஜாம்)

கடை மேற்குப் பார்த்ததா? வெயிலில் மஞ்சள் மையும் சிவப்பு மையும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். மேலே லேமினேஷன், அதாவது மையைக் காக்கும் படலம், போட்டார்களா என்று கேளுங்கள்.

என் மகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள், நன்றாக வரைவாள். பெண் பிள்ளையை இந்த வேலையில் சேர்ப்பார்களா? (சுங்கை பாக்காப்)

தாராளமாகச் சேர்ப்போம் அம்மா. எங்கள் லேசர் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பெண்தான், நான்கு வருடமாக. வடிவமைப்பில் இருவர். நான் முதலில் பார்ப்பது வரைபடத்தை அல்ல. 'ஞ' எழுதச் சொல்வேன். நிதானமாக, ஒவ்வொரு வளைவாக எழுதுகிறாளா என்று பார்ப்பேன். சம்பளத்தோடு இபிஎஃப் என்ற சேமநிதியும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் உண்டு. முதல் ஆறு மாதம் எல்லாப் பிரிவிலும் நிற்க வேண்டும், வெல்டிங் தவிர. சனிக்கிழமை காலையில் அழைத்துவாருங்கள். தரையில் தகரத் துண்டு கிடக்கும், மூடிய காலணி போட்டு வரட்டும்.