மகரஜோதி பொய்யா என்று மகன் கேட்டால்

அண்ணே, மாலை போட்டிருக்கும்போது பிளஸ் ஒன் மகன் "மகரஜோதி மனுஷன் கொளுத்துறதுதானே" என்றதும் கை ஓங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பையன் சொன்னதில் தப்பில்லை. 2011-ல் சபரிமலை பக்கம் புல்மேட்டில் நடந்த நெரிசலில் 100 பேருக்கு மேல் இறந்த பிறகு, பொன்னம்பலமேடு என்ற குன்றில் தெரிவது ஆட்கள் ஏற்றும் தீபம்தான் என்று கோயிலை நிர்வகிக்கும் தேவசம்போர்டே கேரள உயர்நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்தத் தீபத்துக்குப் பெயர் மகரவிளக்கு. மகரஜோதி என்பது வானத்து நட்சத்திரம், சிரியஸ் என்பார்கள். அதன் ஒளி இங்கே வந்துசேர எட்டரை வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டு விளக்கையும் நாம்தானே ஏற்றுகிறோம், கும்பிடாமலா இருக்கிறோம்? நானும் கம்பத்துக்காரன்தான். இதெல்லாம் தெரிந்த பிறகும் குமுளி வழியாக வருஷாவருஷம் மலைக்குப் போகிறேன்.

முதலில் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ஜனவரியில் ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், கிழக்கே எழும் அந்த நட்சத்திரத்தை அவனையே காட்டச் சொல்லுங்கள்.