மூடிய மில் வளாகத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: கோவையில், மூடிப் பதினெட்டு ஆண்டுகளான ஒரு மில் வளாகத்தில் மனை பார்த்திருக்கிறோம். புகை இல்லை, இரைச்சல் இல்லை, எங்கும் பச்சை. கிணற்று நீர்கூட முன்பைவிட மேலே வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அங்கே நூல் மட்டும் நூற்றார்களா, சாயமும் போட்டார்களா? முதலில் அதை விசாரியுங்கள். வெறும் நூற்பாலை என்றால் பயம் குறைவு. பஞ்சுத் தூசி வாட்டியது தொழிலாளர்களின் நுரையீரலைத்தான்.

ஆலை நின்றால் காற்று சில நாட்களில் தெளிந்துவிடும், மண் தெளியாது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடக் குரோமிய ரசாயனம் தயாரித்த தொழிற்சாலை 1990களிலேயே மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு 1 லட்சம் டன்னுக்கு மேல். மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. ஓடுகிற ஆலை என்றால் சண்டை போட ஒரு முதலாளியாவது இருப்பார்; மூடிய ஆலையில் யாரிடம் போய்க் கேட்பது? பச்சையைப் பார்த்தும் மயங்காதீர்கள். சீமைக் கருவேலம் உப்பு மண்ணிலும் செழிக்கும்.

கிணற்று நீர் ஏறியது நல்ல மழையால் இருக்கலாம், மில்லின் ஆழ்துளைக் கிணறுகள் ஓய்ந்ததாலும் இருக்கலாம். லண்டனில் ஆலைகள் உறிஞ்சியதால், 1960களில் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அடியில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே போயிருந்தது. ஆலைகள் குறைந்ததும் ஏறத் தொடங்கிய நீர் சுரங்க ரயில் பாதைகளுக்கே ஆபத்தாகிவிட, வேண்டுமென்றே இறைக்க வேண்டியதாயிற்று. உங்கள் இடத்தில் எனக்குள்ள கவலை வேறு: இதுவரை உலர்ந்து கிடந்த மண்ணில் தங்கிய கழிவையும் ஏறும் நீர் கரைத்துக்கொள்ளும்.

அந்த மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றுங்கள். கொதிகலன் சாம்பலை எங்கே கொட்டினார்கள், டீசல் தொட்டி எங்கே, சாயக் கழிவுநீர்க் குட்டை எங்கே என்று கேட்டு மனை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்மண் பெரும்பாலும் லாரியில் வந்த கிராவலாக இருக்கும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், குரோமியம், காட்மியம் பாருங்கள். டீசல் தொட்டி இருந்த இடத்தில் எண்ணெய்க் கசிவும், கிணற்று நீரில் மொத்தக் கரைந்த உப்பும் பார்க்க வேண்டும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டுகளைக் கையால் அள்ளவேண்டாம்.

உங்கள் மனை குட்டையின் மேல் விழுந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மற்ற இடமென்றால், முடிவுகள் சரியாக வந்தபின் வாங்கலாம்; கீரையை மட்டும் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.