தூய நிலக்கரித் தொழில்நுட்பம் வந்தால் வீட்டு மின்கட்டணம் உயருமா?

எந்தத் தொழில்நுட்பம் என்பதைப் பொறுத்து விடை மாறும். நிலக்கரியைக் குறைவாக எரிக்க வைப்பது ஒரு வகை. எரிந்த பின் வரும் புகையைக் கழுவுவது மற்றொரு வகை.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, 2024-இல் திறக்கப்பட்ட 800 மெகாவாட் வடசென்னை அனல் மின் நிலைய மூன்றாம் நிலை. நீராவியை மிக உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் இயக்கும் இத்தகைய சூப்பர் கிரிட்டிக்கல் அலகுகள் பழைய 210 மெகாவாட் அலகுகளைவிடக் குறைந்த நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் தருகின்றன. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து ரயிலில் பாரதீப்புக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் நிலக்கரி வர வேண்டிய நமக்கு, மிச்சமாகும் ஒவ்வொரு டன்னும் பணம்தான்.

இரண்டாம் வகை செலவு வைக்கும். சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்துக் கந்தக டை ஆக்சைடை ஜிப்சமாக மாற்றும் கருவியை நிறுவப் பெரும் முதலீடு தேவை. அதை இயக்கவும் நிலையத்தின் மின்சாரமே செலவாகும். இந்த வாயுவுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலையங்களுக்கு இக்கருவியிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டது. அதனால் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா மிச்சமாகும் என்று அப்போது கூறப்பட்டது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவிடும் என் வீட்டுக்கு, அத்தனையும் அனல் மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும், இது 120 ரூபாய்க்கு மேல் போகாது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த பெரிய கட்டண உயர்வுக்கு இக்கருவி காரணமன்று. எட்டு ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்ததும், அதற்குள் மலைபோல் சேர்ந்த கடனும் வட்டியுமே அதற்கு முதன்மையான காரணங்கள்.

விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதுபோல், நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எரிக்கும் அளவு மிகப் பெரிது. மேலும் அந்த வாயு காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவுகிறது. வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வளர்ந்த எனக்கு, விலக்கு அளித்ததைச் சேமிப்பு என்று ஏற்க மனம் வரவில்லை. அந்தச் செலவு மின்கட்டண ரசீதிலிருந்து மருத்துவமனை ரசீதுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அந்த 120 ரூபாயைக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் கருவி இயங்கத் தொடங்கிய பிறகே அதை வசூலிக்க வேண்டும். ரசீதில் தனி இனமாகக் காட்டவும் வேண்டும்.